ஃப்ளூ பரவும்போது மக்கள் இப்படி நடந்துகொள்வது அறியாமையாலா?

தேனி மாவட்டம் கம்பத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: “எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு காய்ச்சல், இருமல். ஃப்ளூ என்று டாக்டரே சொல்லிவிட்டார். ஆனாலும் காய்ச்சலோடு ஜீப் ஏறி மலைக்கு வேலைக்குப் போகிறார்கள். மாஸ்க் போடச் சொன்னால் கேட்பதில்லை. கஷாயம் குடித்தாயிற்று, ஒன்றும் செய்யாது என்கிறார்கள். அதே ஆட்கள், எல்லாம் கேரளாவிலிருந்து வந்தது, குமுளி செக்போஸ்ட்டை மூட வேண்டும் என்றும் சொல்கிறார்கள். மக்களுக்கு ஏன் இவ்வளவு அறியாமை? என்ன செய்தால் மாறுவார்கள்?”

எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் இருக்கும் குமுளி, வண்டிப்பெரியார் பக்கம் பொது சுகாதார நர்ஸாகப் பல வருடம் வீடு வீடாக ஏறி இறங்கியவள் நான். அறியாமை என்ற வார்த்தையை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. காய்ச்சல் ஒட்டும் என்று தெரியாத ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை. தெரிந்தும் அப்படி நடக்கிறார்கள் என்றால், அவர்கள் வேறு ஒரு கணக்குப் போடுகிறார்கள் என்று அர்த்தம். எதைச் செய்தால் எவ்வளவு நஷ்டம் என்ற கணக்கு. அதைப் புரிந்துகொள்ளாமல் எவ்வளவு நோட்டீஸ் ஒட்டினாலும் சுவர்தான் நிறையும்.

ஜீப்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன். ஏலக்காய் எடுப்பு ஆடி ஆவணியில் சூடு பிடித்து மாசி வரைக்கும் போகும். கம்பம், கூடலூர், உத்தமபாளையம், போடிப் பக்கத்திலிருந்து விடியும் முன்பே ஜீப்புகள் கிளம்பி, குமுளி வழியாகவும் கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாகவும் மலை ஏறும். உள்ளே பெரும்பாலும் பெண்கள். இருவர் உட்காரும் இடத்தில் நான்கு பேர். மேலே மழை, குளிர். அதனால் தார்ப்பாயை நாலாபக்கமும் இறக்கிக் கட்டிவிடுவார்கள். ஃப்ளூ வைரஸுக்கு இதைவிட வசதியான இடம் கிடையாது. இருமும்போதும் தும்மும்போதும் பேசும்போதும் தெறிக்கும் துளிகள், காற்றோட்டம் இல்லாத இடத்தில் பக்கத்தில் இருப்பவருக்கு நேராகப் போகின்றன. இதில் இன்னொரு சிக்கல் உண்டு. காய்ச்சல் தெரிவதற்கு ஒரு நாள் முன்பே தொற்று மற்றவருக்குப் போக ஆரம்பித்துவிடும். வந்த பிறகும் ஐந்து முதல் ஏழு நாள் வரை போகும். இன்று நன்றாகச் சிரித்துப் பேசிக்கொண்டு வருகிற அக்காதான் நாளைக்குப் படுக்கப் போகிறவளாக இருக்கலாம்.

சரி, காய்ச்சல் வந்தபிறகாவது வீட்டில் இருக்கலாம் அல்லவா? “ரெண்டு நாள் படுத்துட்டா குழுக் காசு யாரு கட்டுவா சிஸ்டர்?” இதுதான் எனக்கு எப்போதும் கிடைத்த பதில். மகளிர் குழுவில் வாங்கிய கடனின் தவணையைத்தான் அப்படிச் சொல்வார்கள். ஒரு நாள் போகாவிட்டால் ஒரு நாள் கூலி போகும். இரண்டு மூன்று நாள் போகாவிட்டால் ஜீப்பில் இருக்கும் இடமே போகும், வேறு ஆள் ஏறிவிடுவார். காய் எடுப்பு சீசன் முடிந்தால் அந்த வருமானம் இல்லை. எனவே ஒரு பாரசிட்டமாலைப் போட்டு, துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு ஏறிவிடுகிறாள். தன் பிள்ளையின் பள்ளிக்கூட ஃபீஸும் குழுத் தவணையும் ஒரு பக்கம், பக்கத்தில் இருப்பவளுக்கு இருமல் ஒட்டலாம் என்பது ஒரு பக்கம் என்றால், அவள் எடுக்கிற முடிவு வேறு எதுவாக இருக்க முடியும்?

இதற்கு எதிர்ப்பக்கத்தையும் பார்த்திருக்கிறேன். வண்டிப்பெரியார், பீருமேடு பக்கத் தேயிலைத் தோட்டங்களில் நிரந்தரத் தொழிலாளியாக இருப்பவர்களுக்கு நோய்க்கால உதவித்தொகை என்று ஒன்று உண்டு. 1951ஆம் ஆண்டு தோட்டத் தொழிலாளர் சட்டத்திலேயே வந்த உரிமை அது. அந்தப் பெண்கள் காய்ச்சல் என்றால் தோட்டத்து டிஸ்பென்சரியில் சீட்டு வாங்கிக்கொண்டு லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், படுத்துவிடுவார்கள். தினக்கூலிக்கு ஏலத்தோட்டம் போகும் பெண்ணும் அவளும் ஒரே படிப்பு, ஒரே சாதி சனம், சில வீடுகளில் அக்கா தங்கை. ஆனால் ஒருத்தி படுக்கிறாள், ஒருத்தி ஜீப் ஏறுகிறாள். படிப்பறிவும் விழிப்புணர்வும் இந்த வித்தியாசத்துக்குக் காரணமாக இருக்க முடியாது. (லயத்தில் படுத்தாலும் ஒரே அறையும் அடுப்படியும்தான் என்பதால் வீட்டில் இருப்பவர்களுக்கு ஒட்டத்தான் செய்யும். ஆனாலும் ஒரு ஜீப் தப்பித்தது.)

அடுத்து, “கேரளாவிலிருந்து வந்தது” என்ற பேச்சு. தொற்று நோயை வெளியூர்க்காரன் தலையில் கட்டுவது இன்று நேற்று வந்த பழக்கமில்லை. 1918இல் உலகம் முழுக்கப் பரவிய ஃப்ளூவுக்கு ஸ்பெயின் நாட்டின் பெயரை வைத்தார்கள். அது அங்கே தோன்றியதற்கு ஆதாரம் கிடையாது. முதல் உலகப் போரில் ஸ்பெயின் சேரவில்லை, பத்திரிகைத் தணிக்கை இல்லை, அங்கே செய்தி வெளியே வந்தது, அவ்வளவுதான். இந்தியாவில் அந்த வருடம் ஜூன் மாதம் பம்பாயில் தலைகாட்டி ரயில் பாதைகளைப் பிடித்து நாடெங்கும் போனது. பம்பாய் நகரச் சுகாதார அதிகாரி படைவீரர்களை ஏற்றிவந்த கப்பலைச் சொன்னார், அரசாங்கமோ கப்பல் ஆட்களுக்குப் பம்பாயில்தான் ஒட்டியது என்றது. இந்தியாவில் மட்டும் 1.2 கோடியிலிருந்து 2 கோடி பேர் வரை இறந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். 1957இல் வந்த ஆசிய ஃப்ளூ, சிங்கப்பூர்க் கப்பல் வழியாகச் சென்னைத் துறைமுகத்தில் நுழைந்தது. 2009இல் எச்1என்1, அதாவது பன்றிக் காய்ச்சல் என்று சொன்ன ஃப்ளூ, விமானப் பயணிகளோடு ஹைதராபாத்தில் இறங்கியது. ஆக, வெளியிலிருந்து வருகிறது என்பதில் தொடக்க நாட்களுக்கு உண்மை உண்டு. ஊருக்குள் நுழைந்துவிட்ட பிறகு அந்த உண்மையால் ஒரு பிரயோசனமும் இல்லை. வீட்டுக்கு வீடு காய்ச்சல் இருக்கும்போது யார் முதலில் கொண்டுவந்தார் என்று தேடுவதில் என்ன கிடைக்கும்?

நம் எல்லைக்கு இதில் தனிக் கதை ஒன்று இருக்கிறது. ஃப்ளூவுக்கும் மழைக்காலத்துக்கும் நெருக்கம் அதிகம். கேரளத்தில் ஜூனில் தென்மேற்குப் பருவமழை இறங்கியதும் காய்ச்சல் ஏறும், ஜூலை ஆகஸ்டில் ஆஸ்பத்திரிகள் நிறையும். தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழையோடு, அக்டோபர், நவம்பரில்தான் ஃப்ளூ உச்சத்துக்குப் போகும் என்று சென்னை, வேலூர்ப் பக்கம் எடுத்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஒரே மலையின் இரண்டு பக்கத்திலும் இரண்டு மழை. அதனால் ஆடி மாதத்தில் கம்பத்துக்காரர்கள் “அங்கிருந்து வருது” என்பார்கள். ஐப்பசி, கார்த்திகையில் குமுளிக் கடைக்காரர்கள் “பாண்டியிலேர்ந்து வருது” என்பார்கள், பாண்டி என்றால் அவர்களுக்குத் தமிழ்நாடு. அப்போது ஐயப்பன் சீசனும் சேர்ந்துவிடும், பஸ் பஸ்ஸாக ஆட்கள் இறங்குவார்கள், பழி போட ஆள் தேட வேண்டியதே இல்லை. இரண்டு பக்கமும் வேலை பார்த்த எனக்கு இந்தப் பேச்சு கேட்கும்போதெல்லாம் மனசு வலிக்கும். காரணம், பழி சொல்கிற அதே ஆள் தன் வீட்டுப் பிள்ளை இருமினால் “சளிதான்” என்பார். தொற்று நமக்கு வருவது பெரும்பாலும் நாம் பயப்படாத ஆளிடமிருந்துதான். மகன், பேத்தி, பக்கத்து சீட் தோழி.

செக்போஸ்ட் மூடுவது பற்றி. பறவைக் காய்ச்சல் வந்தால் கோழி, வாத்து, முட்டை லாரிகளை எல்லையில் நிறுத்தி மருந்து அடிப்பதற்கு அர்த்தம் இருக்கிறது. அது பறவைகளிடையே பரவுகிற நோய். ஆட்களிடையே பரவும் ஃப்ளூவுக்கு நெற்றியில் வெப்பமானி காட்டினால், மாத்திரை போட்டுக்கொண்டு வந்தவர் கடந்து போய்விடுவார், இன்னும் காய்ச்சல் ஏறாதவரும் கடந்து போய்விடுவார். 2020இல் எல்லை மூடியபோது என்ன நடந்தது என்று இந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். பிழைப்புக்காக ஆட்கள் காட்டுப் பாதையில் நடந்தார்கள். காட்டு வழியாக வந்தவருக்குக் காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போவாரா? மறைக்கத்தான் செய்வார். கொரோனா புது நோய், அப்போதைய அவசரம் வேறு. வருடா வருடம் வருகிற ஃப்ளூவுக்கு அந்த வழி உதவாது.

மறைப்பது என்றதும் இன்னொன்றைச் சொல்ல வேண்டும். கொரோனா காலத்தில் வீட்டு வாசலில் ஸ்டிக்கர் ஒட்டினோம், தகரம் வைத்துத் தெருவை அடைத்தோம். அந்த வீடுகளுக்குப் பால்காரர் வரமாட்டார், கிணற்றில் தண்ணீர் எடுக்க விடமாட்டார்கள். நோய் சரியான பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. அந்த நினைவு இன்னும் ஆறவில்லை. “டெஸ்ட் எடுக்கலாமா?” என்றாலே முகம் மாறுவதற்கு அதுதான் காரணம். எச்1என்1 என்று பெயர் வந்துவிட்டால் வேலைக்குச் சேர்க்கமாட்டார்கள், பெண் பார்க்க வந்தவர்கள் திரும்பிவிடுவார்கள் என்று பயப்படுகிறார்கள். இது கற்பனைப் பயம் இல்லை, கண்முன் நடந்தது. அவர்களைத் திட்டுவதால் இந்தப் பயம் போகாது, கூடத்தான் செய்யும்.

காய்ச்சல் என்றதும் கோழிக்கறியை விட்டுவிடுகிறார்களே, அந்த விஷயம் எளிது. ஆலப்புழைப் பக்கம் 2014, 2021, 2024 ஆண்டுகளில் வாத்துகளுக்குப் பறவைக் காய்ச்சல் வந்தபோதெல்லாம் இங்கே கறிக்கடைகளில் கூட்டம் குறைந்தது. 2009இல் பன்றிக் காய்ச்சல் என்ற பெயர் வைத்ததால் எகிப்து அரசே நாட்டிலுள்ள பன்றிகளையெல்லாம் கொல்ல உத்தரவிட்டது. அந்த நோய் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவிக்கொண்டிருந்தது, பன்றிக்கறியால் வரவில்லை. பறவைக் காய்ச்சல் நேரத்திலும் 70 டிகிரி செல்சியஸுக்கு மேல் நன்றாக வேகவைத்த கறியும் முட்டையும் பிரச்சினை இல்லை. பச்சையாகக் கையாளும்போதுதான் கவனம் தேவை.

ஆனால் இதில் ஒன்றைக் கவனியுங்கள். கறியை விட்டுவிடு என்றால் ஒரே நாளில் விட்டுவிடுகிறார்கள். கஷாயம் குடி என்றால் வரிசையில் நின்று வாங்கிக் குடிக்கிறார்கள். 2009இலும் 2015இலும் கைக்குட்டையில் கற்பூரமும் ஏலக்காயும் முடிந்து முகர்ந்தால் பன்றிக் காய்ச்சல் அண்டாது என்ற செய்தி பரவியபோது அதையும் செய்தார்கள். அப்படியென்றால் மக்களுக்கு அக்கறை இல்லை என்று எப்படிச் சொல்வது? செலவும் நஷ்டமும் இல்லாத எதையும் உடனே செய்கிறார்கள். கூலி போகும் என்கிற இடத்தில்தான் நின்றுவிடுகிறார்கள்.

கற்பூரம் பற்றி மட்டும் ஒரு எச்சரிக்கை: குழந்தை அதை வாயில் போட்டு விழுங்கினால் வலிப்பு வரும், உயிருக்கே ஆபத்து. ஆவி பிடிக்கிறேன் என்று கொதிக்கும் பாத்திரத்தைப் பிள்ளைகள் பக்கத்தில் வைத்து, வெந்துபோய் வந்த பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். சுக்குக் காப்பி, மிளகு ரசம், கஞ்சி, பெரியவர்களுக்குக் கவனமாக நொச்சி ஆவி, இதெல்லாம் இதமாக இருக்கும், தாராளமாகச் செய்யலாம். நிலவேம்பும் கபசுரமும் குடித்தால் ஃப்ளூ வராது என்பதற்கு மட்டும் போதுமான சான்று இல்லை. குடித்துவிட்ட தைரியத்தில் காய்ச்சலோடு ஜீப் ஏறும்போதுதான் கஷாயம் கெடுதலாகிறது.

எனக்கு உண்மையில் கவலை தருவது ஊசியும் ‘செட்’ மாத்திரையும். “ஒரு ஊசி போட்டுவிடுங்க, நாளைக்கு வேலைக்குப் போகணும்” என்று கேட்டு வாங்குகிறார்கள். மருந்துக்கடையில் போய்க் காய்ச்சலுக்கு என்று கேட்டால் ஒரு காய்ச்சல் மாத்திரை, ஒரு சளி மாத்திரை, ஒரு ஆன்டிபயாடிக், சில சமயம் ஒரு ஸ்டீராய்டு எல்லாவற்றையும் சேர்த்து ஒரு சின்னக் கவரில் போட்டுத் தருவார்கள். ஃப்ளூ வைரஸால் வருவது, ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைத்தான் கொல்லும். 2023 மார்ச்சில் எச்3என்2 என்ற இன்னொரு வகை ஃப்ளூ பரவியபோது இந்திய மருத்துவச் சங்கமே, அசித்ரோமைசின், அமாக்ஸிசிலின் போன்றவற்றை இந்தக் காய்ச்சலுக்குக் கொடுக்காதீர்கள் என்று டாக்டர்களைக் கேட்டுக்கொண்டது. காய்ச்சல் மூன்று நாளில் இறங்கும், இருமல் மூன்று வாரம் வரை நிற்கலாம் என்றும் சொன்னது. மக்களின் நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்பது இந்த மூன்று நாள் கணக்கில்தான் இருக்கிறது. முதல் இரண்டு நாள் சமாளித்துவிட்டு மூன்றாம் நாள் ஊசி போடுகிறார்கள். நான்காம் நாள் காய்ச்சல் இல்லை. தானாக இறங்கியிருக்கும் காய்ச்சலுக்கு ஊசி பெயர் வாங்கிவிடுகிறது. அந்த டாக்டர் கைராசிக்காரர், அந்தக் கடை மாத்திரை நல்ல மாத்திரை என்று அடுத்த வீட்டுக்கும் போகிறது. கண்ணால் கண்டதை நம்புகிறார்கள், அதில் தப்புச் சொல்ல முடியாது. மூன்று நாள் என்ற விஷயத்தை யாரும் அவர்களுக்கு முன்கூட்டிச் சொல்வதில்லை. நான் சொல்லிப் பார்த்ததில் நிறையப் பேர் கேட்டார்கள். “இன்னைக்கு ரெண்டாம் நாள், நாளை மறுநாள் பாரு, இறங்கலைன்னா வா” என்று நாளைக் குறித்துச் சொன்னால் காத்திருப்பார்கள்.

சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் விற்பதைத் தடுக்க கேரள அரசு 2024இல் ‘ஆபரேஷன் அம்ருத்’ என்று சோதனைகள் தொடங்கியது. நல்ல காரியம். எல்லைக்கு இரண்டு பக்கமும் ஒரே கண்டிப்பு இருந்தால்தான் முழுப் பலன் கிடைக்கும்.

அதே நேரத்தில், ஃப்ளூவுக்கென்றே இருக்கும் ஓசெல்டமிவிர் மாத்திரை தேவைப்படுகிறவர்களுக்குத் தாமதமாகிறது. அதை அறிகுறி தொடங்கி 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் நல்ல பலன். எல்லோருக்கும் அது தேவையில்லை. 2009 எச்1என்1 சமயத்தில் மத்திய சுகாதார அமைச்சகம் நோயாளிகளை ஏ, பி, சி என்று பிரித்தது. லேசான காய்ச்சல், இருமல், தொண்டை வலி என்றால் ஏ. டெஸ்ட் வேண்டாம், வீட்டில் ஓய்வு. கடுமையான காய்ச்சல் என்றாலோ, நோயாளி கர்ப்பிணி, சின்னக் குழந்தை, 65 வயது தாண்டியவர், சர்க்கரை, ஆஸ்துமா, இருதயக் கோளாறு உள்ளவர் என்றாலோ பி. டெஸ்ட் முடிவுக்குக் காத்திருக்காமல் டாக்டர் மாத்திரை தொடங்கலாம். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, சளியில் ரத்தம், உதடு நீலமாவது, தூக்கக் கலக்கமாகவே கிடப்பது, குழந்தை பால் குடிக்காமல் சோர்வது என்றால் சி; உடனே ஆஸ்பத்திரி. இன்னொன்றும் பார்க்க வேண்டும்: காய்ச்சல் இறங்கி, இரண்டு நாள் கழித்து மறுபடி ஏறினால் நிமோனியாவாக இருக்கலாம். 2015இல் நாட்டில் 42,000க்கும் மேற்பட்டவர்களுக்கு எச்1என்1 உறுதியாகி, கிட்டத்தட்ட 3,000 பேர் இறந்தார்கள். “வெறும் சளிக்காய்ச்சல்” என்று யாரும் இதைத் தள்ளிவிட வேண்டாம்.

மலைநாட்டில் இன்னொரு ஆபத்தும் உண்டு. மழைக்காலத்தில் டெங்குவும் எலிக்காய்ச்சலும் சேர்ந்தே நடமாடும். மூக்கொழுகலும் இருமலும் இல்லாமல் வெறும் காய்ச்சல், உடம்பு முறிக்கிற வலி, கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு, சிறுநீர் குறைவது என்றால் ஃப்ளூ என்று நீங்களே முடிவு செய்து வீட்டில் இருக்காதீர்கள். ஈரத்தில் வேலை செய்கிறவர் என்பதை டாக்டரிடம் சொல்லுங்கள்.

என்ன செய்தால் மாறுவார்கள் என்று கேட்டீர்கள். எனக்குத் தெரிந்து பலன் கொடுத்தவற்றைச் சொல்கிறேன். முதலில் ஜீப் டிரைவரிடம் பேசுங்கள். நர்ஸ் சொல்வதைவிட, மெம்பர் சொல்வதைவிட அவர் சொல்வது ஜீப்பில் செல்லும். காய்ச்சல்காரி மூன்று நாள் நிற்கட்டும், அவள் இடத்தை வேறு ஆளுக்குக் கொடுக்கமாட்டேன் என்று அவர் ஒரு வாக்குக் கொடுத்தாலே பாதிப் பேர் வீட்டில் இருப்பார்கள். தோட்டத்து சூப்பர்வைசரிடமும் இதையே பேச வேண்டும். பத்துப் பேர் ஒரே வாரத்தில் படுத்தால் காய் பழுத்து உதிரும், நஷ்டம் அவருக்கும்தான். மகளிர் குழுவில், காய்ச்சலில் படுத்தவரின் ஒரு வாரத் தவணையை மற்றவர்கள் சேர்ந்து கட்டிவிட்டுப் பிறகு வாங்கிக்கொள்ளலாம். தார்ப்பாயை முழுக்க இறக்காமல் பின்பக்கம் கொஞ்சம் சுருட்டி வைக்கச் சொல்லுங்கள், குளிர் தெரியும், ஆனால் காற்று போகும். மாஸ்க்கை எல்லோருக்கும் என்று சொன்னால் யாரும் போடமாட்டார்கள். இருமுகிறவர் மட்டும் போடட்டும் என்றால் கேட்பார்கள், அதுதான் அதிகம் பயனும் தரும். ஒரு கட்டு வாங்கி ஜீப்பிலேயே வைத்துவிடுங்கள்.

பிள்ளைகள் விஷயத்தில் பள்ளியோடு பேச வேண்டும். 2023 மார்ச்சில் புதுச்சேரியில் எட்டாம் வகுப்பு வரை பத்து நாளுக்கு மேல் விடுமுறை விட்டார்கள். வீட்டில் ஆள் இல்லாத தினக்கூலிக் குடும்பங்களுக்கு அது கஷ்டம். பிள்ளை பாட்டியிடம் போகும், ஃப்ளூ கடுமையாகத் தாக்குவது அந்தப் பாட்டியைத்தான். எல்லோருக்கும் லீவு விடுவதைவிட, காய்ச்சல் உள்ள பிள்ளையை அனுப்பாதீர்கள் என்று சொல்லி, வருகைப் பதிவுக்காகப் பரிசு, திட்டு எதுவும் கொடுக்காமல் இருந்தால் போதும். வீட்டில் இருக்கும் பிள்ளை பாட்டி பக்கத்தில் படுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தடுப்பூசி இருக்கிறது. வைரஸ் மாறிக்கொண்டே இருப்பதால் வருடா வருடம் போட வேண்டும்; போட்டு இரண்டு வாரம் கழித்துத்தான் பாதுகாப்பு வரும். வழக்கமான இலவசத் தடுப்பூசித் திட்டத்தில் இது இல்லை, காசு கொடுத்துத்தான் போட வேண்டியிருக்கிறது. எல்லோராலும் முடியாது என்றால், வீட்டில் கர்ப்பிணி, சர்க்கரை நோயாளி, ஆஸ்துமாக்காரர், வயதானவர் இருந்தால் அவர்களுக்காவது மே மாதத்திலேயே டாக்டரிடம் கேட்டுப் போட்டுவிடுங்கள். ஏலத்தோட்டம் போகிறவர்களுக்குத் தோட்டக்காரர்களே ஏற்பாடு செய்தால் மிகவும் நன்றாக இருக்கும். சங்கங்கள் இதைக் கோரிக்கையாக வைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

சந்தேகம் என்றால் தமிழ்நாட்டில் 104, கேரளத்தில் ‘திசா’ 1056 எண்ணுக்குப் பேசலாம். ஆம்புலன்ஸுக்கு இரண்டு பக்கமும் 108தான். மலையில் இருக்கும்போது மூச்சு வாங்க ஆரம்பித்தால் ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று சாயங்கால ஜீப்புக்குக் காத்திருக்க வேண்டாம். கேரள ஆஸ்பத்திரியில் தமிழ்நாட்டு ஆளைப் பார்ப்பார்களா என்று தயங்குகிறார்கள், பார்ப்பார்கள். கிட்ட இருக்கும் அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அங்கிருந்து தேனியா கோட்டயமா என்பதை டாக்டர் சொல்வார்.